தலையில் சுட்டும் ஏன் சாகவில்லை? ஃபோல்அவுட் 76 வகை விளையாட்டு வேலை செய்யும் விதம்

துவக்குச் சூட்டு விளையாட்டுகளைப் போனில் விளையாடிப் பழகிய ஒருவர், ஒன்லைனில் ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே சுடும் ஃபோல்அவுட் 76-க்குள் முதல் தடவை போனால், கொஞ்ச நேரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். குறி பிசகவில்லை, குண்டு தலையில்தான் பட்டது, ஆனாலும் எதிரி அப்படியே நின்று திருப்பிச் சுடுகிறான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து விளையாடுபவர் என்றால் வாயில் முதலில் வருவது "நெட் சரியில்லை" என்பதுதான். பல வேளைகளில் பாவம், நெட்டில் ஒரு குறையும் இருக்காது.

இந்த வகை விளையாட்டில் ஒரு சூட்டின் பலனை மூன்று தரப்பு சேர்ந்து தீர்மானிக்கிறது. ஒன்று உங்கள் கை. இரண்டாவது, நீங்கள் வளர்த்தெடுக்கும் பாத்திரத்தின் எண்கள். மூன்றாவது, கடல் கடந்து எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும் சேர்வர், அதாவது எல்லாருக்கும் பொதுவாக விளையாட்டை நடத்தும் கணினி. புதிதாக வருபவர்கள் ஒன்றின் குற்றத்தை மற்றதன் தலையில் போட்டுவிட்டு, தேவையில்லாத இடத்தில் காசைச் செலவழிக்கிறார்கள். எது யாருடைய வேலை என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் விளையாட்டு பாதி விளங்கிவிடும்.

முதலில் கதைக்களத்தைச் சொல்லிவிடுகிறேன். உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பதுதான் ஃபோல்அவுட் தொடரின் அடிப்படை. முதல் விளையாட்டு 1997-இல் வந்தது. அது தனியாள் விளையாடுவது; சண்டை என்றால் நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று ஆறுதலாக யோசித்து அடிப்பது. பிறகு தொடர் பெதஸ்டா நிறுவனத்தின் கைக்குப் போனது. 2008-இல் வந்த மூன்றாவது பாகத்தில் இருந்து நேரே துவக்கைத் தூக்கிக் குறிபார்க்கும் விளையாட்டாக மாறியது. பலர் ஒரே உலகத்தில் ஒன்லைனில் சேரும் ஃபோல்அவுட் 76, 2018 நவம்பர் 14 அன்று வெளியானது.

கதைப்படி 2077 ஒக்டோபர் 23 அன்று அணுப்போர். கொஞ்சப் பேர் வோல்ட் எனப்படும் நிலத்தடிக் காப்பறைகளுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். 76ஆம் இலக்க வோல்ட்டின் கதவு 25 வருடம் கழித்து, 2102-இல் திறக்கிறது. நீல நிறச் சீருடையோடு வெளியே வரும் ஆட்களில் ஒருவர் நீங்கள். (பதுங்குகுழி என்றதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது வேறு. இந்த வோல்ட்களில் மின்சாரமும் ரோபோக்களும் கொண்டாட்டத் தொப்பியும் இருக்கும்.)

வெளியே இருப்பது அமெரிக்காவின் வெஸ்ட் வேர்ஜீனியா மாநிலம். இதைச் செய்தவர்கள் உள்ளூர்க் கதைகளை நன்றாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இருட்டில் சிவந்த கண்ணோடு நிற்கும் மோத்மேன் என்ற இறக்கை முளைத்த உருவம், 1966-இல் பொயிண்ட் பிளசண்ட் என்ற சிறு நகரத்தில் பலர் பார்த்ததாகச் சொன்ன ஒன்று. ஃபிளாட்வூட்ஸ் என்ற ஊரில் 1952-இல் கிளம்பிய பூதக் கதையும் எதிரியாக வருகிறது. விளையாட்டில் ஒரு பெரிய ஹோட்டலும் அதன் கீழே ரகசியக் காப்பறையும் உண்டு. மிகைக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். அதே மாநிலத்தில் கிரீன்பிரையர் என்ற ஹோட்டலுக்கு அடியில், அணுப்போர் வந்தால் அமெரிக்க நாடாளுமன்றத்தினர் போய் இருப்பதற்கென்று உண்மையாகவே ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். 1992-இல் ஒரு பத்திரிகைச் செய்திதான் அதை வெளியே கொண்டுவந்தது.

எண்கள்தான் சுடுகின்றன

போனில் விளையாடும் பல சூட்டு விளையாட்டுகளில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உயிர், ஒரே துவக்கு ஒரே சேதம். யார் முந்திக் குறிபார்க்கிறாரோ அவர் வென்றார். பாத்திர வளர்ச்சி விளையாட்டில் அப்படியில்லை. உங்கள் கை செய்வது ஒரேயொரு வேலை: குண்டு பட்டதா, பட்டால் உடம்பில் எங்கே பட்டது? அதற்குப் பிறகு நடப்பது முழுக்கக் கணக்கு.

விளங்குவதற்காக நானே சில எண்களைப் போடுகிறேன், விளையாட்டின் உண்மையான எண்கள் வேறு. உங்கள் துவக்கின் அடிப்படைச் சேதம் 40. தலையில் பட்டால் இரட்டிப்பு, 80. எதிரியின் கவசம் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது, திரும்பவும் 40. எதிரியின் உயிர் 300 என்றால் எட்டுத் தடவை தலையிலேயே சுட வேண்டும். இப்போது அதே துவக்கை, ஆனால் பாத்திரத்தை ஒழுங்காக வளர்த்தவரின் கையில் கொடுங்கள். அந்த வகைத் துவக்குக்கான அட்டைகள் சேதத்தை 60 வீதம் கூட்டுகின்றன: 64. தலை: 128. எதிரி பார்க்காதபோது பதுங்கிச் சுட்டதற்கு இன்னொரு இரட்டிப்பு: 256. கவசத்தைத் துளைக்கும் அட்டை இருப்பதால் கால்வாசிதான் வீணாகிறது: 192. இரண்டு சூட்டில் ஆள் விழுந்துவிடுவான். இரண்டு பேரின் குறியும் ஒன்றுதான்.

அட்டை என்றேன். ஃபோல்அவுட் 76-இல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏழு குணங்கள்: பலம், கூர்மை, தாங்கும் சக்தி, கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம். லெவல் ஏற ஏற இவற்றுக்குப் புள்ளி கிடைக்கும். 50ஆம் லெவலோடு அந்தப் புள்ளிகள் நின்றுவிடும், ஒரு குணத்தில் அதிகபட்சம் 15. லெவல் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போகும். எந்தக் குணத்தில் எத்தனை புள்ளி இருக்கிறதோ, அந்தப் பகுதியில் அந்த அளவுக்குத்தான் திறமை அட்டைகளைச் செருக முடியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் காரியம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் பயன் குறைவு. ரைபிளா, பிஸ்டலா, கோடரியா என்று முதலே முடிவு செய்து அதற்குரிய அட்டைகளையே சேர்ப்பவர்தான் முன்னேறுவார். கையில் கிடைத்த துவக்கையெல்லாம் சுட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஆசைக்குச் சுடுங்கள், அட்டையை மட்டும் ஒரே வகைக்கு வையுங்கள்.

கவசத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். அது எல்லாக் குண்டையும் ஒரே விகிதத்தில் தடுப்பதில்லை. கனமான ஒற்றைக் குண்டில் சிறு பங்கைத்தான் அதனால் குறைக்க முடியும். சின்னக் குண்டுகளில் பெரும் பங்கை விழுங்கிவிடும். அதனால்தான் மெஷின்கன்னை வைத்துக்கொண்டு படபடவென்று சுட்டும் கவசம் போட்ட எதிரியின் உயிர்க்கோடு அசையாமல் நிற்பதும், மெதுவாகச் சுடும் ஒரு பெரிய ரைபிள் அதைச் சட்டென்று இறக்குவதும்.

குறி பார்க்கவே வராதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வாட்ஸ் என்ற வசதியை அழுத்தினால் விளையாட்டே எதிரியைப் பிடித்துக்கொள்ளும், படும் வாய்ப்பு இத்தனை வீதம் என்று திரையில் காட்டும். தொடரின் முந்தைய பாகங்களில் இதை அழுத்தினால் நேரம் உறைந்துவிடும் அல்லது மெதுவாகிவிடும். ஒரே உலகத்தில் பலர் இருக்கும்போது உங்களுக்காக மட்டும் நேரத்தை நிறுத்த முடியாது அல்லவா? அதனால் 76-இல் அது நேரடி வேகத்திலேயே நடக்கிறது. வாட்ஸ் மூலம் சுடும்போது கூர்மை, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் மூன்றும்தான் உங்கள் கைக்குப் பதிலாக வேலை செய்கின்றன. கை நடுங்குபவர்கள் வெட்கப்படாமல் இந்தப் பக்கம் வரலாம்.

கதிர்வீச்சும் ஒரு எண்தான், ஆனால் புத்திசாலித்தனமாக வைத்த எண். உயிர்க்கோட்டின் ஒரு முனையில் இருந்து சிவப்பு ஏறி வரும். சிவந்த பகுதியை மருந்து ஊசி நிரப்பாது. அதை இறக்க வேறு மருந்து வேண்டும். பழைய டின் சாப்பாடு, குளத்துத் தண்ணீர், அணுக்குண்டு விழுந்த நிலம் எல்லாம் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போகும். அழிந்த உலகம் என்ற உணர்வை எனக்குத் தந்தது இடிந்த கட்டடங்களை விட இந்தச் சிவப்புக் கோடுதான்.

நீங்கள் சுமந்து திரியும் பொருட்களின் பாரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுக்கியதையெல்லாம் வேலை மேசையில் உடைத்து மூலப்பொருளாக்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். செத்தால் கையில் உள்ள குப்பைப் பொருட்கள் மட்டும்தான் கீழே விழும். துவக்கும் கவசமும் உங்களோடேயே இருக்கும்.

பிறகு சேர்வர்

ஒன்லைன் விளையாட்டில் உங்கள் கணினியில் தெரியும் எதிரி ஒரு படம் மட்டும்தான். அவன் உண்மையில் எங்கே நிற்கிறான், எவ்வளவு உயிர் மிச்சம் என்ற கணக்குப் புத்தகம் சேர்வரிடம் இருக்கிறது. நீங்கள் சுட்டால் "நான் சுட்டேன்" என்ற செய்தி அங்கே போகும். அங்கே கணக்குப் பார்த்து, "இவ்வளவு குறைந்தது" என்று பதில் வரும். இந்தப் போக்குவரத்துக்கு எடுக்கும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம்.

இதில் இயற்கையே போட்ட ஒரு எல்லை இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் இருந்து அங்கே நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். போய்வர 5,400. அதாவது உலகிலேயே சிறந்த இணைப்பு இருந்தாலும் 27 மில்லி செக்கனுக்குக் குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகளைத் தாண்ட வேண்டும், ஆகவே நடைமுறையில் இதைவிடக் கூடத்தான் வரும். சேர்வர் ஐரோப்பாவில் இருந்தால் எங்கள் செய்தி கொழும்பிலோ மாத்தறையிலோ கடலுக்குள் இறங்கும் கேபிள்களில் ஏறி, செங்கடல் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அமெரிக்கா என்றால் இன்னும் தூரம். இதை எந்தப் பேக்கேஜும் மாற்றாது.

"வீட்டில் 100 எம்பிபிஎஸ் வருகுதே அண்ணா, பிறகு ஏன் லேக்?" இது அடிக்கடி கேட்கும் கேள்வி. 100 எம்பிபிஎஸ் என்பது ஒரு வினாடியில் எவ்வளவு தரவு வந்து சேரலாம் என்பதைச் சொல்கிறது. பிங் சொல்வது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்பதை. விளையாட்டை இறக்கும்போது முதலாவது வேண்டும். பல பத்து ஜிபி இருக்கும், இரவு டேட்டா தனியாக உள்ள பேக்கேஜ் என்றால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். விளையாடும்போது தேவைப்படும் தரவு மிகக் கொஞ்சம். அப்போது முக்கியம் இரண்டாவதுதான்.

அப்படியென்றால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கவும் சேர்வரின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமே, பாத்திரம் எப்படி உடனே நகர்கிறது? உங்கள் கணினி பதில் வருமுன்னரே ஊகித்து நகர்த்திவிடுகிறது. சேர்வரின் பதில் வந்ததும் ஊகம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்து, பிழை என்றால் திருத்துகிறது. ஓடிக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று இரண்டு அடி பின்னால் இழுபடுகிறீர்களே, அந்தத் திருத்தம்தான் அது. 1996-இல் வந்த குவேக் வேர்ல்ட் என்ற சூட்டு விளையாட்டு இந்த முறையைப் பிரபலமாக்கியது. அன்று டயல்-அப் மோடத்தில் விளையாடியவர்களுக்காகச் செய்த ஏற்பாடு, இன்று தூரத்துத் தீவில் இருந்து விளையாடும் எங்களுக்கும் உதவுகிறது.

சுடுவதில் சிக்கல் இன்னும் கூட. உங்கள் திரையில் எதிரி மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான், சுடுகிறீர்கள். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் சேர்வரின் கணக்கில் அவன் மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். இப்போது யார் சொல்வது சரி? ஆளை ஆள் சுடும் பல விளையாட்டுகளில் சேர்வர் கொஞ்ச நேரத்துக்கு முந்தைய நிலைகளை எல்லாம் சேமித்து வைத்திருக்கும். கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்ப்பதைப் போல, நீங்கள் விசையை அழுத்திய நொடிக்குத் திரும்பிப் போய், அந்த நேரம் எதிரி அங்கே இருந்தானா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். சுட்டவருக்கு இது நியாயம். மரத்துக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்தவருக்கு எரிச்சல். இரண்டு பேரையும் திருப்திப்படுத்தும் வழி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஃபோல்அவுட் 76-இல் பெரும்பாலும் நீங்கள் சுடுவது கணினி ஆட்டும் பூதங்களை. பூதம் முறைப்பாடு செய்யாது. அதனால் ஆளை ஆள் சுடும் போட்டி விளையாட்டுகளை விட, பிங் கொஞ்சம் கூடினாலும் இதைத் தாக்குப்பிடித்து விளையாடலாம். கொழும்பில் இருந்து ஆரம்பிப்பவர்களுக்கு இந்த வகையை நான் சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான்.

இந்த மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? சூடு பட்டதும் எதிரிக்கு மேலே சேத எண் எழும்புகிறது, ஆனால் சின்னதாக இருக்கிறது: பிரச்சினை அட்டையிலோ துவக்கின் லெவலிலோ. எண் எழும்பவே இல்லை: குறி பிசகியிருக்கலாம். எண் தாமதமாக எழும்புகிறது, அல்லது குறைந்த உயிர்க்கோடு திரும்ப ஏறிவிடுகிறது: சேர்வர் விவகாரம். திரை முழுக்கவே திக்கித் திக்கி நகர்ந்தால் அதில் நெட்டுக்கும் பங்கில்லை, எண்ணுக்கும் பங்கில்லை. உங்கள் கணினிக்குப் படம் வரைய நேரம் போதவில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் போய் கிராஃபிக்ஸ் கார்ட் விலை கேட்க வேண்டியது இந்தக் கடைசி நிலையில் மட்டும்தான். பிங் குறையும் என்று நம்பிப் புதுக் கார்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நெட் பக்கம் என்றால் செலவில்லாத முதல் வைத்தியம், வைஃபையை விட்டு ரவுட்டரில் இருந்து நேரே வயர் இழுப்பது. வைஃபையில் செய்திகள் வழியிலேயே தொலைவதும் பிந்துவதும் கூட. சராசரி பிங் நன்றாகவே இருந்தாலும் இந்தத் தொலைதல்தான் ஆளை இழுத்து விளையாடும்.

மற்ற மனிதர்கள்

வெளியானபோது இந்த விளையாட்டின் உலகத்தில் உயிரோடு ஒரு மனிதப் பாத்திரம்கூட இல்லை. செத்தவர்கள் விட்டுப்போன ஒலிநாடா, கடிதம், அப்புறம் ரோபோக்கள். எதிரே ஒரு மனிதர் வந்தால் அவர் நிச்சயம் இன்னொரு விளையாட்டாளர் என்பதுதான் யோசனை. ஓர் உலகத்தில் மொத்தம் 24 பேர் வரைதான். யோசனை அழகு, விளையாட வறட்சி. கடுமையான விமர்சனங்கள் வந்தன. 2020 ஏப்ரலில் வந்த பெரிய புதுப்பிப்பு பேசும் மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்தது, விளையாட்டு மூச்சுவிடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அதே வருடம் செப்டெம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது, புதியவர்களுக்கு அது பெரிய உதவி. முன்பு வரைபடத்தின் சில பகுதிகள் உயர்ந்த லெவல்காரர்களுக்கு மட்டும் என்ற மாதிரி இருந்தன. இப்போது ஒரே பூதத்தை 10ஆம் லெவல்காரரும் 200ஆம் லெவல்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடலாம், சேர்வர் ஒவ்வொருவருக்கும் அவரவர் லெவலுக்கு ஏற்ற மாதிரிக் கணக்கைப் போடுகிறது. ஆகவே பழைய விளையாட்டாளரான நண்பரோடு முதல் நாளே சேர்ந்து சுற்றலாம்.

ஆளை ஆள் சுட முடியும், ஆனால் அதைத் தூண்டும்படி அமைக்கவில்லை. தேவையில்லை என்றால் சமாதான நிலை என்று ஒரு தெரிவு உண்டு, புதியவர் அதைப் போட்டுவிடுவது நல்லது. இந்த உலகத்தில் பணமாகப் புழங்குவது சோடா மூடிகள். ஒவ்வொருவரும் தங்கள் முகாமில் கடை வைக்கலாம். வோல்ட்டை விட்டு வெளியே வரும் புதியவருக்கு ஊசியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகும் பழைய ஆட்களும் உண்டு.

எல்லாரையும் ஒன்றாகக் கூட்டுவது என்னவோ அணுக்குண்டுதான். மூன்று ஏவுதளங்கள் இருக்கின்றன. ஏவுவதற்கான இரகசிய இலக்கங்கள் வாராவாரம் மாறும். ஒரு குறிப்பிட்ட பிளவின் மேல் போட்டால் நிலத்தைப் பிளந்துகொண்டு பெரிய பறக்கும் ராணி ஒன்று வரும், உலகத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஓடிவந்து சுடுவார்கள். விளையாட்டு வெளியான சில நாட்களிலேயே ஒரு கூட்டம் மூன்றையும் ஒரே நேரத்தில் ஏவிப் பார்த்தது. சேர்வர் படுத்துவிட்டது. சேர்வர் செய்யும் கணக்கின் பாரம் என்னவென்று அன்றைக்கு அவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

கடைசியாகக் காசு. விளையாட்டை ஒரு தடவை வாங்கினால் போதும், பெரிய புதுப்பிப்புகள் அதற்குள் அடக்கம். 2019 ஒக்டோபரில் மாதம் 12.99 டொலருக்கு ஒரு சந்தாவும் கொண்டுவந்தார்கள்: நண்பர்களோடு மட்டும் தனி உலகம், மூலப்பொருட்களுக்கு எல்லையில்லாத பெட்டி. தொடங்குபவருக்கு அது தேவையே இல்லை. சேர்வர் இல்லாமல் இந்த விளையாட்டை ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது என்பதையும் வாங்கும்போது கணக்கில் எடுங்கள். இதே வகையில் 2009-இல் வந்த ஃபோலன் ஏர்த் என்ற விளையாட்டின் சேர்வர்களை 2019-இல் நிறுத்தியபோது, பத்து வருடமாக ஆட்கள் வளர்த்த பாத்திரங்கள் எல்லாம் எட்டாமல் போயின. 2021-இல் அது திரும்ப வந்தது வேறு கதை.

ஃபோல்அவுட் 76-ஐ இடையிடையே சில நாட்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுவார்கள். அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது இறக்கி, நீங்கள் வழக்கமாக விளையாடும் நேரத்திலேயே, இரவு எட்டு ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லாரும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாலைந்து பூதங்களைச் சுட்டு அந்தச் சேத எண் எவ்வளவு பிந்தி எழும்புகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு டொலரில் கட்டலாம்.